ஆள் படுத்துனு இருக்குது

கோட்டை வாசலில் இரண்டு பீரங்கிகள். ஒன்றின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருக்கிறார்கள். மற்றதன் நிழலில் ஒரு வெள்ளாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. கடல் கண்ணில் படவில்லை. சத்தம் மட்டும் மதிலைத் தாண்டி வருகிறது, அடுத்த வீட்டில் யாரோ அரிசி புடைப்பதுபோல.

மாசி மாதத்துக் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையின் புல்தரையில் பனி காயவில்லை. செங்கல் மதிலை ஒட்டி நிழலாக ஒரு திண்டு கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். கேட்டால் கேட்டதற்குத்தான் பதில் வரும்.

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் பஸ் பயணம். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து, பூசை செய்பவர் வைத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகுமே, அந்த ஊர். அவை வராமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது ஊரின் பெயரில் மட்டும்தான் இருக்கின்றன. அங்கே மலையில் பல்லவர் குடைந்த கோயில் ஒன்று உண்டு, ஒருகல் மண்டபம் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் வாழ்ந்த டச்சுக்காரர்கள் சிலர் ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், அந்தக் கல்லிலே தங்கள் பெயரைக் கொத்திவிட்டு வந்திருக்கிறார்கள். பாறையைக் கண்டால் பெயரைக் கீறும் நம் பையன்களுக்கு அவர்கள்தான் முன்னோடிகள். அது இருந்தவர்கள் போட்ட கையெழுத்து. இறந்தவர்களுக்குப் பொறித்த பெயர்கள் இங்கே, இந்தக் கோட்டைக்குள். இரண்டுக்கும் நடுவே ஒரே பஸ் டிக்கெட்.

“சட்ராஸ் எல்லாம் எறங்கு” என்றார் கண்டக்டர். சம்புவராயர் காலத்தில் ராஜநாராயணன் பட்டினம், பிறகு சதுரங்கப்பட்டினம், வெள்ளைக்காரர்கள் வாயில் சட்ராஸ். கண்டக்டருக்கு இதுதான் சௌகரியம்.

வாசல் வளைவின் உள்பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார். லுங்கியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டிருக்கிறார். கால்கள் மட்டும் வெளியே. பாதத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ராத்திரி கடலுக்குப் போய் விடியலில் கரை ஏறினவராக இருக்கும். குப்பம் கூப்பிடு தூரம்தான். தலைமாட்டில் ஒரு பழைய செல்ஃபோன், அதன்மேல் பீடிக்கட்டு, அதன்மேல் தீப்பெட்டி. அலுப்போடு வந்து விழுந்தவர்தான். ஆனாலும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார்.

மூன்று கல்லூரிப் பையன்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் ஃபோன் பாடிக்கொண்டிருந்தது. இன்னொருவன் தன் ஃபோனில் எதையோ தேடிப் படித்தான்.

“மச்சான், இது வி.ஓ.சி. கட்டினதாம்டா.”

“யாரு, நம்ம கப்பலோட்டிய தமிழரா?”

“அவரு தூத்துக்குடிடா. அவரு எங்க இங்க வந்து கோட்டை கட்டினாரு?”

மூன்றாமவனுக்கும் விளங்கவில்லை. மூவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அவர்கள் மொழியில் அதே மூன்று எழுத்துகள்தான். அந்த வி.ஓ.சி. இங்கே கப்பல் அனுப்பியது, இந்த ஊர்த் தறிகளில் நெய்த மெல்லிய துணியை வாங்கிப் போக. நம் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906-இல். ஒரே சுருக்கப் பெயர் இரண்டு பக்கமும் கப்பல் விட்டிருக்கிறது. நடுவில் 304 வருடங்கள்.

பாட்டு நிற்கவில்லை. வளைவுக்குக் கீழே அது இரண்டு மடங்காகக் கேட்டது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் சும்மாடுபோல் சுற்றிய துண்டு, கையில் ஈர்க்குத் துடைப்பம்.

“தம்பி, பாட்ட கொஞ்சம் கம்மி பண்ணு. ஆள் படுத்துனு இருக்குது.”

அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பையன் பாட்டையே நிறுத்திவிட்டான். அம்மாள் மறுபடி குனிந்தார். தூங்குகிறவரின் காலைச் சுற்றிப் பெருக்கினார். துடைப்பம் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளியே போயிற்று.

இந்திய தொல்லியல் துறை இந்தக் கோட்டைக்குள் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. புகைக்குழாய்களும் கிடைத்தன. வேலை முடிந்து நிழலில் சாய்ந்து ஒரு இழுப்பு இழுத்தவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள். தலைமாட்டில் என்ன அடுக்கி வைத்தார்களோ.

பத்து மணிக்குக் கல்யாண ஜோடி வந்தது. பெண் மெரூன் பட்டு, பையன் கோட்டு. கோட்டைக்குள் யானை மேல் ஏறுவதற்கென்று கட்டிய படிமேடை ஒன்று இருக்கிறது. யானை போய்விட்டது, மேடை நிற்கிறது. அதன் உச்சியில் பெண்ணை நிறுத்தி, கீழே பையனை மண்டியிட வைத்தார் புகைப்படக்காரர். சேலைத் தலைப்பைப் பறக்கவிட ஒரு உதவிப் பையன். கடல் காற்று தேவையான நேரத்தில் வரவில்லை. பையன் தலைப்பை எறிவதும் ஓடி மறைவதுமாக ஏழெட்டு முறை.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. ஃப்ரேம்ல வர்றீங்க.”

பெருக்கும் அம்மாள் தள்ளிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் என்று புகைப்படக்காரர் கை காட்டினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் போய், துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்து முடிகிறவரை அங்கேயே நின்றார். கல்யாணப் பெண் ஒருமுறை அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு படத்தில் விழுந்திருக்கும். யாரைப் பார்த்துச் சிரித்தது என்பது விழுந்திருக்காது.

ஜோடி போனதும் கோட்டை அமைதியானது.

இந்த ஊருக்கும் சமாதானப் பேச்சுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1754 ஜனவரி. ஆற்காட்டு நவாப் யார் என்ற சண்டையில் சென்னை ஆங்கிலேயரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும் வருடக்கணக்கில் மோதிக் களைத்திருந்தார்கள். பேசிப் பார்க்கலாம் என்று வந்தபோது பொதுவான ஓர் இடம் தேவைப்பட்டது. டச்சுக்காரர் எந்தப் பக்கமும் சேராதவர். அவர்கள் ஊரோ இரண்டு நகரங்களுக்கும் நடுவில். சென்னையிலிருந்து ஹென்றி வான்சிட்டார்ட்டும் ராபர்ட் பாக்கும் வந்தார்கள். புதுச்சேரித் தூதர்களில் ஒருவர் சேசு சபையின் லவோர் பாதிரியார். பாக்கும் பாதிரியாராக இந்தியா வந்தவர்தான். ஆக, இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு பாதிரியார்.

முகமது அலிதான் நவாப் என்றது ஒரு பக்கம். நியமனச் சனதுகள் எங்களிடம் இருக்கின்றன என்றது மறு பக்கம். அந்தச் சனதுகளே போலி என்றது முதல் பக்கம். நம் ஊர்ச் சொத்துத் தகராறுப் பஞ்சாயத்து எந்த இடத்தில் முறியுமோ அதே இடத்தில் முறிந்தது. பத்திரம் செல்லாது என்று ஒருவர் சொன்னபிறகு திண்ணையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அந்த ராபர்ட் பாக் பிறகு 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்தார். ராமேஸ்வரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட கடலுக்கு அவர் பெயர்தான்: பாக் நீரிணை. சமாதானம் பேசப் போய்க் கைகூடாமல் திரும்பியவரின் பெயர் கொண்ட கடலில்தான் நம் மீனவர்கள் இன்றும் பிடிபடுகிறார்கள், படகை இழக்கிறார்கள். எதிர்க்கரை மீனவர்கள் அறுந்த வலையைக் காட்டி அழுகிறார்கள்.

பேச்சுக்கு அடுத்து சண்டை. 1782 பிப்ரவரி 17, இதே மாசி. இந்த ஊருக்கு எதிரே கடலில் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் சுட்டுக்கொண்டன. சரித்திரத்தில் அதற்கு சட்ராஸ் போர் என்று பெயர். யாருக்கும் வெற்றி இல்லை. அந்த இரண்டு தளபதிகளும் அதன்பிறகு இன்னும் நான்கு முறை மோதினார்கள். கடைசி மோதல் 1783 ஜூன் 20, கடலூருக்கு எதிரே. ஐரோப்பாவில் அதே வருடம் ஜனவரி 20-ஆம் தேதியே சமாதான ஒப்பந்தத்தின் முதல் கையெழுத்து விழுந்திருந்தது. செய்தி இந்தக் கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. சமாதானம் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது கடலூரில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி தாமதமாகும் காலம் போய்விட்டது. அதனால் எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. வடக்கே 15 கிலோமீட்டருக்குள் மாமல்லபுரம். 2019 அக்டோபர் 11-ஆம் தேதி இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே ஐந்து ரதங்களைச் சுற்றி நடந்தார்கள், இளநீர் குடித்தார்கள், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் கைகளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். ஒருவர் ராமநாதபுரத்துக்காரர். பாறை இன்னும் உருளாமல் நிற்கிறது.

இந்தக் கோட்டை 1781-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது, 1818-இல் டச்சுக்காரர்களுக்கே கிடைத்தது, 1824 ஒப்பந்தத்தின்படி ஒரேயடியாக ஆங்கிலேயருக்குப் போனது. இப்போது யாருடையது என்பதில் சந்தேகமில்லை. அணில்களுடையது.

பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஆறேழு வயதுப் பையன், பாட்டி. கல்லறைப் பகுதிக்குத் தனி மதில், தனிக் கதவு, பூட்டு. கேட்டால் திறப்பார்கள். அப்பா கேட்டார். காவலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கதவு திறக்கிற சத்தத்தில் ஒரு மைனா எழுந்து போயிற்று. குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு நானும் நுழைந்தேன். துடைப்பத்தோடு அம்மாளும் வந்தார். மாசியில் வேம்பு இலை கொட்டும். கல்லறைகள் மேலெல்லாம் மஞ்சள் இலை.

பாட்டி செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டாள். யாரும் சொல்லவில்லை.

அகலமான பலகைக் கற்கள் படுத்திருக்கின்றன. வெறும் பெயர்க் கற்கள் இல்லை. விளிம்பு முழுக்கக் கொடியும் இலையும் ஓடுகின்றன, தலைப்பக்கம் குலச்சின்னம், கீழே வரி வரியாக எழுத்து. குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது, எழுத்தை வெட்டியிருக்கவில்லை. சுற்றியிருந்த கல்லையெல்லாம் தட்டி எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் மேடாக விட்டு வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்தின் ஓரமாக எறும்பு வரிசை போகிறது. எழுத்து வளைகிற இடத்தில் வரிசையும் வளைகிறது. வட்டமான ஒரு எழுத்துக்குள் புகுந்த எறும்பு வெளியேற வழி தெரியாமல் உள்சுவரையே சுற்றுகிறது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. பிறகு ஏறித் தாண்டிவிட்டது.

இதைச் செதுக்கிய கைகளுக்கு டச்சு வாசிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சோழமண்டலக் கரையில் செதுக்கிய கல்லறைக் கற்கள் அந்தக் காலத்தில் கப்பலேறி பத்தாவியா வரை, இன்றைய ஜகார்த்தா வரை போயிருக்கின்றன. செத்தவர் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதைக் கோலம் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள். மாமல்லபுரத்துச் சாலையோரப் பட்டறைகளில் இன்றும் அதே சத்தம் கேட்கிறது. முன்பின் பார்த்திராத ஊருக்குப் போகிற புத்தருக்கு, உளி கண்களை மூடிக்கொண்டிருக்கிறது.

அப்பா ஃபோன் கேமராவை ஒரு கல்லுக்கு நேரே பிடித்தார். மொழிபெயர்க்கிற செயலி. திரையில் எழுத்துகள் துடித்துத் துடித்து மாறின. ‘இங்கே’ என்று வந்தது. அடுத்த வரி குழம்பியது. ‘மனைவி’ என்று ஒரு சொல் வந்து நின்றது. அப்பா கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். மேகம் வந்து வெளிச்சம் குறைந்தது, ‘மனைவி’ போய்விட்டது. மறுபடி வரவில்லை.

“யாருங்க இது?” என்று பாட்டி கேட்டாள்.

“வெள்ளைக்காரங்கம்மா. டச்சு.”

“அது தெரியுது. யாரு?”

அப்பாவிடம் பதில் இல்லை. பாட்டி கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள், பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்குள் நுழையும்போது செய்வதுபோல.

பையனுக்கு இது எதுவும் ஓடவில்லை. உயரமான ஒரு கல்லைப் பார்த்தான். ஏறிவிட்டான். இரண்டு கையையும் விரித்து விமானம்போல் ஒரு சுற்று சுற்றினான்.

“டேய் கண்ணு, எறங்கு. ஆள் படுத்துனு இருக்குது.”

அதே குரல். வாசலில் பாட்டை நிறுத்தச் சொன்னபோது இருந்த அளவுதான், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பையன் சுற்றுவதை நிறுத்தினான். கல்லுக்கு இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

“எங்க?”

“கீழ.”

பையன் குனிந்து தன் கால்களுக்கு நடுவே பார்த்தான். பிறகு உட்கார்ந்து, குதிக்காமல், காலைத் தொங்கவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கினான். அப்பா சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கல்லின் மேல் கிடந்த இலைகளைத் துடைப்பத்தால் தள்ளவில்லை, கையால் ஒதுக்கினார். தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கமாக. கதவு வரை பையன் குதிகாலைத் தூக்கிக்கொண்டே நடந்தான்.

உச்சி வெயிலில் கடற்கரைக்குப் போனேன்.

வடக்கே அணுமின் நிலையத்தின் உருண்டைக் கூரைகள் வெயிலில் வெளுத்து நிற்கின்றன. மணலில் ஃபைபர் படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிடக்கின்றன. பச்சை வலை, நீல வலை. வலை பின்னுகிற ஒருவர் கால் பெருவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். குப்பத்தின் உள்ளே ஒரே அச்சில் வார்த்ததுபோல் காங்கிரீட் வீடுகள். இந்தக் கரையில் அவற்றுக்குப் பெயர் சுனாமி வீடு. 2004-க்கு முன்னால் தமிழில் புழங்காத ஒரு சொல், விலாசமாகிவிட்டது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அருகில் கடலடி நிலம் அதிர்ந்தது. இங்கே கடல் உள்ளே வந்தபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. நடுவில் இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் இந்தக் கரை முழுக்கக் குழந்தைகள் கிரிக்கெட் ஆடினார்கள், பெண்கள் மீன் கூறு போட்டார்கள், தேவாலய மணி அடித்தது. செய்தி வந்து சேரவில்லை, கடலூருக்கு ஒப்பந்தச் செய்தி வந்து சேராததுபோலவே. அணுமின் நிலையத்தின் நீரேற்றும் அறைக்குள் கடல் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த ஓர் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். குப்பங்களை நிறுத்தி வைக்க விசை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் எட்டாயிரத்தை ஒட்டி.

டீக்கடை பெஞ்சில் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி சொல்லச் சொல்ல, கண்ணாடி போட்ட இளைஞன் எழுதினான்.

“பையன் பொறந்த வருஷம் சொல்லுக்கா.”

“தண்ணி வந்தப்போ இடுப்புல வச்சினு ஓடினேன். அப்ப பல்லு மொளைக்கல. கணக்குப் போட்டுக்கோ.”

இளைஞன் கணக்குப் போட்டான். வருடம் எழுதினான். “மாசம்?”

அவள் கடலைப் பார்த்தாள். உதடு அசைந்தது, விரல் விட்டு எண்ணினாள். வேறு ஒரு பெயர் சொல்லி, “அவனுக்கு மூணு மாசம் எளையவன்” என்றாள். “அவன் இருந்திருந்தா அவங்கம்மா கரெக்டா சொல்லும்.”

இளைஞன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் கழித்து அவளே, “ஆடின்னு போட்டுக்கோ” என்றாள். அவன் ஜூலை என்று எழுதினான்.

டிசம்பர் 26 வந்தால் இந்தக் கரையோர ஊர்களில் பாலும் பூவும் கடலில் விடுகிறார்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அது வருடத்துக்கு ஒரு நாள். மற்ற நாள்களில் நினைவு இப்படித்தான் இருக்கிறது: விண்ணப்பத்தின் மூன்றாவது கட்டத்தில், வயது என்று போட்ட இடத்தில்.

எடுத்த கடல் சிலவற்றைக் காட்டவும் செய்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு தெரியவந்த ஒரு பாறைக் கல்வெட்டின் துப்பைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியது. 2005-இல் மணலுக்கடியிலிருந்து ஒரு முருகன் கோயில் வெளிவந்தது. கல்லில் செய்த வேல் கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கட்டுமானம், அதன் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். சங்க காலத்தது என்கிறார்கள் தோண்டியவர்கள். அதை ஒரு காலத்தில் கடலே கொண்டுபோயிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஒருமுறை இடிந்த இடத்திலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். அது மறதியா, நினைவா என்று மணல் சொல்லாது.

சாயந்திரம் கோட்டைக்குத் திரும்பினேன். செங்கற்கள் சிவப்பேறிக் கிடந்தன. வாசல் வளைவில் படுத்திருந்தவர் எழுந்து போய்விட்டார்; தீப்பெட்டி மட்டும் விழுந்து கிடந்தது. அம்மாள் அதை எடுத்து, பீரங்கியின் மேல், திரும்பி வந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார். துண்டு காய்ந்து விறைத்திருந்தது. ஆட்டைக் காணவில்லை.

காவலாளி விசில் ஊதினார். புல்தரையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். கடைசியாக ஒரு அப்பா, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அம்மாள் துடைப்பத்தை நிமிர்த்தி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிச் சுவரோரம் சாய்த்தார். சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். மதியச் சாப்பாட்டு டிபன் பாக்ஸ் பைக்குள் உருண்டு சத்தமிட்டது.

கல்லறைக் கதவு இன்னும் திறந்திருந்தது. காவலாளி சாவியோடு போனார். ஒரு கதவை மூடினார். மறு கதவை மூடும் முன் தலையை உள்ளே நீட்டினார். தினமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். குரல் பழகிய தடத்தில் போயிற்று.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

வேம்பு ஒரு பிடி இலையை உதிர்த்தது. காவலாளி காத்திருந்தார். அம்மாளும் பையைத் தோளில் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு காவலாளி கதவை மூடினார், ஓசை எழாமல், ஒரு கையால் கீலைப் பிடித்துக்கொண்டு.